மொட்டைமாடிப் புறா அறையைப் பூட்டியது குறித்து

பெயர், தந்தை பெயர், கதவு எண் ஆகியவை தனித்தாளில் எழுதி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. வயது நாற்பத்து நான்கு. ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் வெளுத்துக் கொடுக்கும் சலவை நிலையத்தில் மேற்பார்வை வேலை. யாரும் என்னை மிரட்டவோ ஆசை காட்டவோ இல்லாமல், நல்ல நினைவோடு, என் வாயால் நான் சொல்வதாவது:

நான் மேற்படி விலாசத்தில், நான்கு மாடிக் குடியிருப்பின் மேல்தளத்து வீட்டில், என் தம்பியோடும் அவன் மனைவியோடும் குடியிருந்து வருகிறேன். எனக்குக் கலியாணம் ஆகவில்லை. பூட்டு வழக்குக்கும் கலியாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எழுதுகிற காவலரிடம் கேட்டேன். எல்லோரிடமும் கேட்பதுதான் என்றார். எழுதிக்கொள்ளட்டும். தம்பி ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டும் வேலை செய்து வந்தான்.

தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டிருந்த காலத்தில், என்னுடையது பொருந்தும் என்று சொன்னார்கள். ஒன்றைக் கொடுத்தேன். அதைப் பெரிதாக எழுத வேண்டாம். கண் விழித்ததும் அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, இனிமே எனக்குக் கோபம் வந்தா அது என் கோபமா, உன் கோபமா?" என்பது. அவன் அப்படிப்பட்ட ஆள். அதன் பிறகு வீட்டுக்கு அனுப்பும்போது கிட்னி டாக்டர், வேறொருவர் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும் என்றும், அதனால் மண் தூசி, பறவைக் கூண்டு இதன் பக்கமெல்லாம் போகவே கூடாது என்றும் சொன்னார். பறவைக் கூண்டு என்றதும் நானும் தம்பி மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஏனென்றால் எங்கள் தலைக்கு மேலேயே, மொட்டைமாடியில் உள்ள பழைய சாமான் அறையில், குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் பந்தயப் புறாக்கள் வளர்த்து வருகிறார். அவர் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் கப்பல்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த வழக்கில் புகார் கொடுத்திருப்பவர் அவர்தான். அந்த அறையின் ஜன்னல் எங்கள் கட்டடத்தின் காற்றுக்குழிக்கு நேர் மேலே இருக்கிறது. தம்பி படுக்கும் அறையின் ஜன்னலும் அந்தக் குழியைப் பார்த்துத்தான் திறக்கும். அறைக்குள் எச்சம் என்றால் ஏதோ நாலு சொட்டு என்று யாரும் நினைக்க வேண்டாம். வருடக்கணக்கில் விழுந்து, காய்ந்து, பொடிந்து, மேலே மேலே படிந்து தரையே உயர்ந்துபோயிருந்தது. 'புறாக்கள்' என்று மட்டும் எழுதினால் போதுமே என்றார் காவலர். எச்சம் என்றே எழுதும்படி கேட்டுக்கொண்டேன். புறாக்கள் மேல் எனக்கு எந்தப் புகாரும் கிடையாது.

அதன் பிறகு நான் கப்பல்காரர் வீட்டுக்குப் போய், டாக்டர் சொன்னதைச் சொல்லி, கூண்டை மாடியின் மறுகோடிக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று தன்மையாகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. என்னை மேலே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

"எம் புறாவுக்கு ஒரு நோயும் கிடையாதும்மா. வாயில வெள்ளையா பூஞ்சை பிடிக்கும்பாங்க. அதுக்குன்னே தண்ணியில மாத்திரையைக் கரைச்சு ஊத்திடறேன், வருஷம் பூரா. மனுஷங்க சாப்பிடறாங்களே, அதே மாத்திரை" என்று அட்டையை எடுத்து என் கையிலேயே கொடுத்தார்.

நோய் வந்த புறாவுக்கு மட்டுமா என்று கேட்டேன். "வர்றதுக்கு முன்னாடியே கொடுத்துட்டா வராதுல்ல" என்றார். அப்போது எனக்கு அதில் தப்பு எதுவும் தோன்றவில்லை. மனிதர் நம்மைவிட நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார் என்றுகூட நினைத்தேன். கூண்டை மாற்றுவது பற்றித் திரும்பக் கேட்டதற்கு, "புறா சமாதானத்துக்கு அடையாளம். அதுகூடப் போய் மல்லுக்கு நிக்கறீங்களே" என்று சிரித்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டார்.

அதன் பிறகு சங்கக் கூட்டத்தில் பேசினேன். வாயில்லா ஜீவனை விரட்டச் சொல்வது பாவம் என்று ஒருவர் சொன்னார். காக்கா குருவிக்கெல்லாம் நோட்டீஸ் அனுப்பப் போகிறீர்களா என்று இன்னொருவர் கேட்க, கூட்டமே சிரித்தது. முதல் மாடி அம்மாள், உங்கள் தம்பிக்கு ஆகாதென்றால் நீங்கள் வேறு வீடு பார்க்கலாமே என்றார். அவர் வீட்டுப் பிள்ளைக்கு ஜுரம் வந்தபோது மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன் என் தம்பி. அதை நான் அங்கே சொல்லிக் காட்டவில்லை. இங்கே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியில், இந்த அம்மா வாயை அடைக்க வேண்டுமானால் அறையைச் சுத்தம் செய்துவிட்டால் போயிற்று என்று கப்பல்காரர் சொன்னார். எங்களுக்கு ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லாமல், நான் வேலைக்குப் போயிருந்த ஒரு காலைப் பொழுதில், இலைச்சருகை ஊதித் தள்ளும் இயந்திரத்தோடு ஓர் ஆளைக் கூட்டிவந்து, காய்ந்த எச்சத்தை அப்படியே ஊதவிட்டார். ஒரு வாளித் தண்ணீர் தெளிக்கவில்லை. தூசி மாவு சலித்தது போலக் காற்றுக்குழி வழியாக இறங்கியது என்று தம்பி மனைவி சொன்னாள். தம்பி புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் ஓடிப்போய்ச் சாத்துவதற்குள் அவன் தும்மிக்கொண்டே எழுந்து, "யாரு எனக்கு பவுடர் போட்டு விட்டது?" என்று கேட்டானாம். நான் வந்து தலையணை உறையைத் தடவிப் பார்த்தேன். விரல் நெறநெறத்தது. எல்லாவற்றையும் கழற்றித் துவைத்துப் போட்டேன். அவன் மூக்குக்குள் போனதை எங்கே கொண்டுபோய்த் துவைப்பது?

அதன் பிறகு சில வாரங்கள் ஒன்றும் இல்லை. அப்புறம் தலைவலி என்றான். மாத்திரை போட்டால் குறையும், மறுபடி வரும். வெளிச்சம் கூசுகிறது என்று கடையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலை பார்த்திருக்கிறான். அவன் தீட்டிய லென்ஸ் சரியில்லை என்று முதல் தடவையாக ஒரு வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவந்தார். அதன் பிறகு ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது அவன் என்னை நிமிர்ந்து பார்த்து, மிகவும் மரியாதையாக, "உட்காருங்க. யாருக்குக் கண்ணாடி பார்க்கணும்?" என்று கேட்டான். வேடிக்கை பண்ணுகிறான் என்று நினைத்து நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

மருத்துவமனையில் முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துச் சோதித்தார்கள். மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் பூஞ்சை என்றார்கள். அதைப் பற்றிச் சொன்னவர் பரிசோதனைக்கூடத்து டாக்டரம்மா. நாங்கள் அவரைக் கிருமி டாக்டர் என்போம். காய்ந்த புறா எச்சத்தில் இந்தப் பூஞ்சை நன்றாக வளரும், புறாவை அது ஒன்றும் செய்யாது, தூசியோடு மூச்சில் போனால் திடமான ஆளுக்கும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குத்தான் நுரையீரலில் இறங்கி மூளைக்கு ஏறும் என்றார். அதன் பிறகு நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். அந்த மருந்து பூஞ்சையைக் கொல்லும், ஆனால் சிறுநீரகத்தையும் அரிக்கும், ஆகையால் கொஞ்ச நாள் மட்டும் கொடுத்துவிட்டு மாத்திரைக்கு மாற்றிவிடுவோம் என்றார்கள். அப்படியே மாற்றினார்கள். தம்பி தெளிந்தான், என்னை அக்கா என்று கூப்பிட்டான், வீட்டுக்கு வந்தோம்.

மாத்திரையை ஒரு வேளை தவறவிடாமல் கொடுத்தோம். அப்படியிருந்தும் மறுபடி தலைவலி வந்தது, வலிப்பும் சேர்ந்து வந்தது. தூக்கிக்கொண்டு ஓடினோம். இந்தப் பூஞ்சை அந்த மாத்திரைக்குப் படியவில்லை, எவ்வளவு கொடுத்தாலும் தின்றுவிட்டு வளர்கிறது என்று கிருமி டாக்டர் சொன்னார். மாத்திரையின் பெயரைச் சொன்னார். கப்பல்காரர் என் கையில் கொடுத்த அட்டையில் இருந்ததும் அதே பெயர். நான் அதைச் சொன்னதும் டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"தண்ணியிலயா? எல்லாப் புறாவுக்குமா? எத்தனை வருஷமா?" என்று கேட்டார். அதன் பிறகு எனக்குப் புரியும்படி விளக்கினார். மருந்தை அரையும் குறையுமாக நெடுநாள் காட்டிக்கொண்டே இருந்தால் சோப்ளாங்கிக் கிருமிகள் சாகும், மருந்தைத் தாங்குகிற முரட்டுக் கிருமிகள் மட்டும் மிஞ்சிப் பெருகும், அப்படிப் பெருகியது மனிதனைத் தொற்றினால் அதே மருந்து அதற்குத் தண்ணீர் மாதிரி என்றார். வயலில் தெளிக்கும் பூஞ்சை மருந்துகளாலும் இப்படி ஆவதுண்டு, அதனால் அந்த அறையிலிருந்துதான் வந்தது என்று சோதிக்காமல் சொல்ல மாட்டேன், எச்சத்தைக் கொஞ்சம் எடுத்துவரச் செய்தால் பார்க்கலாம் என்றும் சொன்னார். அவர் நியாயமாகப் பேசுகிறவர்.

அதன் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். மருத்துவமனை அனுப்பிய ஆளைக் கப்பல்காரர் மாடிப்படியிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினார், மாடிக் கதவுக்குப் புதுப் பூட்டும் போட்டார். நான் சுகாதார அலுவலகத்துக்குப் போனேன். பறவை என்றால் கால்நடைத் துறை என்றார்கள். கால்நடைத் துறையில், புறா ஆரோக்கியமாக இருக்கிறதே, நோய் மனிதனுக்குத்தானே, அது சுகாதாரத் துறை என்றார்கள். அதன் பிறகு இதே காவல் நிலையத்துக்கு, இதே மேஜைக்கு முன்னால் வந்து நின்றேன். "புறா மேல எப்படிம்மா கேஸ் போடறது? அதுக்குக் கையில விலங்கு மாட்டுறதா, கால்ல மாட்டுறதா?" என்று கேட்டார்கள். இங்கிருந்த எல்லோரும் சிரித்தார்கள். இதை விட்டுவிடலாமே என்று காவலர் சொன்னார். விட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னதால் எழுதப்பட்டுள்ளது.

இதற்கிடையில் தம்பிக்கு மறுபடி நரம்பில் மருந்து ஏற்றினார்கள், வேறு வழியில்லை. இந்த முறை நிறுத்துவதற்கில்லை. கிட்னி டாக்டர் என்னையும் தம்பி மனைவியையும் கூப்பிட்டு, மருந்தைத் தொடர்ந்தால் சிறுநீரகம் தாங்காது, நிறுத்தினால் ஆள் தாங்க மாட்டார் என்றார். தம்பி மனைவி என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு என்னிடம் கேட்கக் கூச்சம். தம்பியே படுக்கையிலிருந்து, "மண்டை இருந்தாத்தானே அக்கா, கிட்னின்னு ஒண்ணு இருந்துச்சுன்னு நினைச்சுப் பார்க்க முடியும்? ஏத்தச் சொல்லு" என்றான். ஏற்றினார்கள். பூஞ்சை அடங்கியது. என் சிறுநீரகம் செத்துப் போனது. நான் அவனுக்குக் கொடுத்த பொருளை, ஒரு மனிதர் தன் பந்தயப் புறாவுக்காகப் பொடி பண்ணி ஊதிவிட்டார். இப்படித்தான் சொன்னேன், இப்படியே எழுதச் சொன்னேன்.

சம்பவ நாளன்று, மறுநாள் தம்பியை வீட்டுக்கு அனுப்புவதாக இருந்ததால், அறையைத் துடைத்து வைக்க வீட்டுக்கு வந்தேன். மாடியில் இயந்திரச் சத்தம் கேட்டது. ஏறிப் போனேன். மாடிக் கதவு திறந்திருந்தது. பந்தயச் சங்கத்தார் பார்வையிட வருகிறார்களாம், அதற்காகக் கப்பல்காரர் மறுபடியும் அறையை ஊதிச் சுத்தம் செய்ய ஏற்பாடு செய்திருந்தார். புறாக்களைப் பறக்க விட்டிருந்ததால் ஒன்றுகூட உள்ளே இல்லை. இயந்திரக்காரர் அறை வாசலில் நின்று அதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார், கப்பல்காரர் உள்ளே தட்டிகளை எடுத்துக்கொண்டிருந்தார். நான் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னேன். கெஞ்சித்தான் சொன்னேன். தண்ணீர் தெளித்து, ஈரமாக்கி, மூக்கை மூடிக்கொண்டு அள்ளுங்கள், நானே அள்ளித் தருகிறேன் என்றேன்.

அதற்கு அவர், "இது பழகின தூசிம்மா. நான் தினமும் இதுக்குள்ளதான் இருக்கேன், எனக்கு என்ன ஆயிடுச்சு? உங்க தம்பி உடம்பு சொத்தைன்னா அதுக்கு எம் புறா என்ன பண்ணும்? நீங்க ஊதுங்க" என்றார். கடைசி இரண்டு வார்த்தை இயந்திரக்காரரிடம் சொன்னது.

நான் மின்கம்பியைப் பிடுங்கினேன். இயந்திரக்காரரிடம், ஐயா, உங்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கும், கீழே போங்கள் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு என் கைப்பையில் இருந்த, மருத்துவமனையில் கொடுத்த முகமூடியைக் கப்பல்காரரின் காலடியில் போட்டுவிட்டு, கதவைச் சாத்தி வெளித்தாழ்ப்பாளைப் போட்டு, அங்கே சாவியோடு தொங்கிய அவருடைய பூட்டையே எடுத்துப் பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியின் படியில் உட்கார்ந்தேன்.

முதலில் திட்டினார். அந்த வார்த்தைகள் வேண்டாம். அதன் பிறகு கதவை உதைத்தார். உதைக்க உதைக்க உள்ளே தூசி கிளம்பியது. அதன் பிறகு இருமத் தொடங்கினார். சத்தம் கேட்டுக் குடியிருப்போர் எல்லோரும் மேலே வந்துவிட்டார்கள், முதல் மாடி அம்மாள் உட்பட. அவர்கள் எல்லோரும் கேட்க, "கதவைத் திறங்க! மூக்கெல்லாம் ஏறுது! இந்தக் காத்தை மனுஷன் சுவாசிப்பானா?" என்று கப்பல்காரர் உள்ளேயிருந்து கத்தினார். அதற்குமேல் நான் சொல்ல என்ன இருக்கிறது?

முகமூடியைப் போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னலோரம் போய் அசையாமல் நில்லுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு, நானே காவல் நிலையத்துக்குப் போன் செய்து, ஒருவரைப் பூட்டி வைத்திருக்கிறேன், வாருங்கள் என்றேன். அப்போதுகூட எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் வந்தார்கள். தம்பிக்காக அலைந்தபோது எட்டிப் பார்க்காத ஜீப், தெருமுனையில் வரும்போதே ஊளையிட்டுக்கொண்டு வந்தது. சாவியைக் கொடுத்தேன். கதவைத் திறந்த இரண்டு காவலர்களும் உடனே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். கப்பல்காரரைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். அவரைச் சோதித்த டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னதாக அறிகிறேன். அதில் எனக்கு நிம்மதிதான். திடமான உடம்பு.

அதன் பிறகு ஆய்வாளர், இது குற்றம் நடந்த இடம், தடயம் கலையக்கூடாது, யாரும் உள்ளே போகவோ பெருக்கவோ கூடாது என்று உத்தரவு போட்டு, அறையைப் பூட்டி அரக்கு வைத்தார். நான் இத்தனை நாள் யார் யார் காலிலோ விழுந்து கேட்டது அது ஒன்றுதான். திட்டம் போட்டுத்தான் செய்தாயா என்று ஆய்வாளர் கேட்டார். சத்தியமாக இல்லை. இப்படி ஒரு வழி இருப்பது தெரிந்திருந்தால், முதல் தடவை ஊதுவதற்கு முன்னாலேயே அவரைப் பூட்டியிருப்பேன்.

கூப்பிடும்போது வர வேண்டும் என்று சொல்லி அன்று என்னை அனுப்பிவிட்டார்கள். தடயம் எடுக்க வந்தவர்களிடம் நான் கேட்டுக்கொண்டதன் பேரில், ஆய்வாளர் அனுமதியோடு கொஞ்சம் எச்சம் கிருமி டாக்டருக்கும் அனுப்பப்பட்டது. அதே பூஞ்சை இருப்பதாகவும், அதே மாத்திரைக்கு அதுவும் மசியவில்லை என்றும் டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். நூற்றுக்கு நூறு அங்கிருந்துதான் வந்தது என்று அவர் எழுதவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அந்த அறையின் தூசி இனி இன்னொருவர் ஜன்னலுக்குள் இறங்கக்கூடாது. சுகாதாரத் துறை முறைப்படி ஈரமாக்கி அள்ளும்வரை அரக்கை உடைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தண்ணீரில் மாத்திரை கரைப்பதையும் யாராவது ஒரு துறை தன் வேலை என்று ஒத்துக்கொண்டு நிறுத்தட்டும். என் தம்பி சார்பில் நான் கொடுக்கும் புகாரையும் இன்றே பதிவு செய்து, ரசீது தர வேண்டும்.

செய்ததற்கு வருந்துகிறேன் என்று ஒரு வரி சேர்த்தால் நீதிமன்றத்தில் எனக்கு நல்லது என்று காவலர் நல்லெண்ணத்தோடு சொன்னார். பூட்டியது குற்றம் என்பது எனக்குத் தெரியும், அதற்கு என்ன தண்டனையோ கொடுக்கட்டும். வருத்தம் வேறு இடத்தில் செலவாகிவிட்டது, இதற்குக் கொடுக்க மிச்சம் இல்லை.

தம்பிக்கு இன்று மதியம் மறுபடி ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் உட்கார வேண்டிய முறை. அவனைப் பிடித்து அழைத்துக்கொண்டு போக அவன் மனைவியோடு இன்னோர் ஆள் வேண்டும். என்னை அனுப்புவதானால் இப்போதே அனுப்புங்கள். நிறுத்தி வைப்பதானால், என் இடத்துக்கு உங்களில் ஒருவர் போங்கள்.

எழுதியதை எனக்கு நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டினார்கள். இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். இதில் உள்ளது நான் பார்த்ததும், செய்ததும், கேட்டதுமே. கூட்டவில்லை, குறைக்கவில்லை, அத்தனையும் உண்மை.

(கையொப்பம்)

என் முன்னிலையில் சொல்லப்பட்டு, என்னால் எழுதப்பட்டது.
(நிலைய எழுத்தர்)